ஓ.எல் எடுக்கப்போகிற பிள்ளையை வலைப்பந்திலிருந்து நிறுத்தலாமா?

மல்லிகைப்பந்தல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் எல்லோருக்கும். கனகாலமாக இங்கே வந்து வாசித்துவிட்டுப் போகிற ஆள் நான். எழுதுவது குறைவு. இன்றைக்கு மனம் கேட்கவில்லை, எழுதுகிறேன்.

மகள் தரம் 10. அடுத்த வருடம் ஓ.எல், தரம் 11 இல் எடுக்கிற பொதுப்பரீட்சை. பாடசாலை வலைப்பந்து அணியில் ஆடுகிறாள். போதாக்குறைக்கு இந்த வருடம் இல்லத்துக்கு (விளையாட்டுப் போட்டிக்காகப் பிள்ளைகளைப் பிரிக்கிற குழு) உபதலைவியாகவும் போட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் இல்ல மெய்வல்லுநர் போட்டி. காலை ஆறு மணிக்குப் பயிற்சி, பள்ளி விட்ட பிறகு அணிநடை, அது முடிய இல்லச் சோடனைக்குக் கூட்டம். ஐந்து மணிக்கு ரியூசன். அங்கே போய் இருந்து நித்திரை தூங்குகிறாளாம்.

கணித சேர் கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளை கெட்டிக்காரி. ஒன்பது பாடத்துக்கும் 'ஏ', 9 ஏ எடுக்கலாம். இந்தப் பந்தை விட்டால் எடுக்கலாம்." அன்றிரவே நான் மகளிடம் சொல்லிவிட்டேன். சண்டை பிடிப்பாள் என்று பார்த்தேன், பிடிக்கவில்லை. பந்தைக் கொண்டுபோய் நெல்மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டாள். சண்டை பிடித்திருந்தால் எனக்கு இவ்வளவு அந்தரமாக இருந்திராது.

இவரைக் கேட்டால் "உம்முடைய விருப்பம்" என்கிறார். உண்மையாகக் கேட்கிறேன், பள்ளிக்கூடத்துக்கு இதெல்லாம் எதற்கு? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓமந்தைச் சந்தி

நிறுத்துங்கள் அக்கா. பிறகு அழாதீர்கள்.

என் மகன் பாடசாலை அணியின் விக்கெற் காப்பாளர். மாகாண மட்டம் வரை போனவன். ஏ.எல், அதாவது பல்கலைக்கழகத்துக்குப் போகிற பரீட்சை, கணிதப் பிரிவு. பொறியியல் வெட்டுப்புள்ளிக்கு மயிரிழையில் கீழே நின்றுவிட்டான். 2001 இலிருந்து எல்லாம் இஸட் புள்ளிதான், பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணக்கிடுகிற புள்ளி. 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இதில் கிறிக்கெற்றுக்கு எங்கே இடம்? தேசிய மட்டத்தில் பேர் எடுத்த ஒரு சிலருக்கு விசேட அனுமதி என்று ஒன்று இருக்கிறது. மாகாணத்தோடு நின்றவன் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்க முடியாது.

சான்றிதழ்கள் ஒரு ஃபைல் நிறைய இருக்கின்றன. அலுமாரி துப்பரவாக்கும்போது அந்த ஃபைல் கையில் பட்டால் எனக்கு இப்போதும் வயிறு எரியும்.

சுண்ணாம்பு வாளி

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். வடமராட்சியில் முப்பத்தொரு வருடம். ஓமந்தைத் தம்பி எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் தம்பி சொல்வது பல்கலைக்கழக அனுமதிக்கு இது எவ்வளவு பெறும் என்ற கணக்கு. தங்கச்சி கேட்டது பள்ளிக்கூடத்துக்கு இது எதற்கு என்று. நான் அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள் விடிய ஐந்து மணிக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவோம். ஆணி, கயிறு, நாடா, ஒரு வாளி சுண்ணாம்பு. இந்த வேலைக்கு நான் ஓடுகிற பிள்ளைகளைக் கூப்பிடுவதில்லை, அவர்கள் நித்திரை கொள்ள வேண்டும். ஓட்டத்தில் தெரிவாகாத பிள்ளைகள்தான் வருவார்கள். ஒரு வருடம் தரம் 9 பொடியன் ஒருவன் கயிறு பிடித்தான். கணிதத்தில் இருபது தாண்டாதவன். சுவடு (ஒருவர் ஓடுகிற பாதை) ஒன்றின் அகலம் 1.22 மீற்றர். ஒரு முழுச் சுற்று ஓடுவதென்றால் அடுத்த சுவட்டுக்காரர் 7.67 மீற்றர் முன்னால் நின்று தொடங்க வேண்டும். எங்கள் மைதானம் சின்னது, 200 மீற்றர்ச் சுற்றுத்தான் வரும். அவன் கேட்டான்: "சேர், பெரிய மைதானத்தில் 400 மீற்றர். அங்கே எவ்வளவு விடுவார்கள்?" அதே 7.67 என்றேன். நம்பவில்லை. "அதெப்படி சேர், வட்டம் பெரிதென்றால் கூட விடத்தானே வேண்டும்?"

கயிற்றை ஆணியில் கட்டி மண்ணில் ஒரு சின்ன வட்டம், ஒரு பெரிய வட்டம் கீறினோம். ஆரையை ஒரு முழம் கூட்டினால் சுற்றளவு எவ்வளவு கூடுகிறது என்று இரண்டிலும் நாடா பிடித்து அளந்தான். இரண்டும் ஒன்றாகவே வந்தது. பிறகு தானே சொன்னான்: "இரண்டு பை (π) தர அகலம்தான் சேர் வித்தியாசம். வட்டம் எவ்வளவு பெரிதென்றாலும் சரி." சூரியன் பனைக்கு மேலே வந்துவிட்டது, பாதிக் கோடுதான் போட்டிருந்தோம். அதிபரிடம் ஏச்சு வாங்கினேன்.

அந்தப் பொடியன் ஓ.எல் கணிதத்தில் 'சி' எடுத்தான். 'ஏ' இல்லை. கதையைப் பெருப்பிக்க விருப்பமில்லை.

இன்னொன்று. வகுப்புகளில் பிள்ளைகளைப் பிரித்து வைத்திருக்கிறோம். கெட்டிக்காரர் ஏ பிரிவு, மற்றவர்கள் சி, டி. ரியூசனிலும் அப்படித்தான். இல்லத்தில் மட்டும் சேர்விலக்கப்படி, பள்ளியில் சேரும்போது கொடுத்த இலக்கப்படி, பிரிப்போம். வைத்தியரின் மகளும் தோட்டக்காரரின் மகனும், ஏ.எல் பெரிய பெட்டையும் தரம் 6 சின்னதும் ஒரே தறப்பாளுக்குக் கீழே இருப்பார்கள். பெரியவர்கள் சின்னவர்களின் பெயரைப் பாடமாக்குவது அங்கே மட்டும்தான்.

பண்ணைப்பாலம்

சேர் அடக்கிவாசிக்கிறார், நான் சொல்கிறேன். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், யாழ் மத்திய கல்லூரி. 1958 தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம். ஆசிய விளையாட்டுகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கமே அதுதான். பிறகு அமெரிக்காவில் படித்து கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் எடுத்தார். அதே கல்லூரியில் படித்த வியாஸ்காந்த் 2024 இல் ஐ.பி.எல்லில் ஹைதராபாத் அணிக்குப் பந்து வீசினார். மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் நடக்கிற பெரிய போட்டி தொடங்கியது 1904 இல். விளையாட்டால் படிப்புக் கெடும் என்கிறவர்கள் கொஞ்சம் சரித்திரமும் படிக்க வேண்டும்.

புளியங்கொட்டை

பண்ணைப்பாலம் அண்ணா, 1958 க்கும் 2024 க்கும் இடையில் எத்தனை வருடம்? இடையில் ஓடியவர்கள், பாய்ந்தவர்கள், வேலி பாய்ந்து மட்ச் பார்க்கப் போனவர்கள் எல்லோரும் எங்கே?

நானும் விளையாட்டுக்கு எதிரான ஆள் இல்லை. ஆனால் நட்சத்திரத்தைக் காட்டித்தான் இதை நியாயப்படுத்துவோம் என்றால், நட்சத்திரம் ஆகாத பிள்ளைகளுக்கு இது வேண்டாம் என்று நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. ரியூசன் சேரும் அந்தக் கணக்குத்தானே போடுகிறார்? அவர் 9 ஏ என்கிறார், நீங்கள் தங்கப்பதக்கம் என்கிறீர்கள்.

பண்ணைப்பாலம்

தம்பி கதைக்கத் தெரிந்த பிள்ளை. விவாத அணியில் இருந்திருப்பீர் போல.

புளியங்கொட்டை

பாடசாலைகளுக்கிடையிலான தமிழ்த்தினப் போட்டியில் பேச்சு. கோட்ட மட்டத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 😄

கல்லடி அலை

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் நல்ல பக்கத்தையே எழுதுகிறீர்கள். மற்றப் பக்கத்தை நான் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

சின்ன மகள் 'இசையும் அசைவும்' நிகழ்ச்சியில் நின்றாள். பதினைந்து நிமிட நிகழ்ச்சி. அதற்கு மஞ்சள் சற்றின் சட்டை, சிவப்புக் கச்சை, கைக்கு ரிப்பன், வெள்ளைச் சப்பாத்து. தைத்த கூலியோடு நாலாயிரத்துக்கு மேல் போனது. இனி அதை வீட்டிலும் போட ஏலாது, கோயிலுக்கும் போட ஏலாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தாய்க்கு அந்தக் காசு இல்லை. பிள்ளை "காய்ச்சல்" என்று சொல்லி இரண்டு கிழமை பள்ளிக்குப் போகவில்லை. விளையாட்டுப் போட்டி பிள்ளைகளைச் சேர்த்து வைக்கிறது என்று சேர் எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளையை அது வெளியே தள்ளியது.

அப்புறம் வெயில். மாசிமாத வெயில் என்றாலும் எரிக்கும். பிரதம விருந்தினர் இரண்டு மணிக்கு வருவதாக அழைப்பிதழில் இருந்தது. வந்தது மூன்றேகால். அதுவரைக்கும் அணிநடைப் பிள்ளைகள் கொடியோடு நின்ற இடத்திலேயே நின்றார்கள். மூன்று பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். முதலுதவிப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஓட, சனம் கைதட்டியது. எதற்குத் தட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் பள்ளியில் பேச்சுக்கு, பாட்டுக்கு, நடனத்துக்கு, அறிவிப்புக்கு என்று எல்லாவற்றுக்கும் அதே எட்டுப் பத்துப் பிள்ளைகள்தான். மற்றவர்கள் கதிரை தூக்குவார்கள்.

வெண்கட்டி

கல்லடி அக்கா எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டிய பக்கத்தில் நிற்கிறவள் நான். சேவையில் இருக்கிற ஆசிரியை, சாரணியத்துக்குப் பொறுப்பு. ஓம், எங்களிடமும் பிள்ளைகள் வெயிலில் விழுந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒன்று மட்டும் மாற்றினோம்: விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்துக்குக் கொடி ஏற்றுவது. முதல் வருடம் விருந்தினருக்கு முகம் கறுத்தது. அடுத்த வருடம் அவர் நேரத்துக்கு வந்தார்.

ஒரே பத்துப் பிள்ளைகள் என்பதும் உண்மை. காரணம் சோம்பல்தான், மறைக்க மாட்டேன். கோட்டம், வலயம், மாகாணம் என்று அடுத்தடுத்துப் போட்டி வரும். நாலு நாளில் பெயர் அனுப்ப வேண்டும். தெரிந்த பிள்ளையை அனுப்பிவிட்டுப் போய்விடுவோம். புதுப் பிள்ளையைப் பழக்க நாலு மாதம் வேண்டும், அதற்கு நேரசூசியில் இடம் இல்லை. உடற்கல்விப் பாடவேளை இருந்தால் "ரீச்சர், சிலபஸ் முடியவில்லை, தாருங்கள்" என்று விஞ்ஞானம் வந்து வாங்கிக்கொண்டு போகும்.

ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். ஓ.எல் பெறுபேறு வந்ததும் பாடசாலை மதிலில் 9 ஏ பிள்ளைகளின் படத்தோடு பனர் கட்டுவோம். அதே கிழமை அதே பிள்ளையின் அதே படம் சந்தியில் ரியூசன் மதிலிலும் தொங்கும். சில பிள்ளைகள் மூன்று மதிலில் தொங்குவார்கள். பெறுபேறு மட்டும்தான் எங்கள் வேலை என்றால், அது யாருடைய பிள்ளை என்று எங்களுக்கும் ரியூசன்காரருக்கும் சண்டை பிடிக்கத்தான் நேரம் சரி. முகாமுக்குப் போய் மழையில் நனைந்து, அவியாத சோற்றைச் சாப்பிட்ட பிள்ளையை எந்த ரியூசனும் உரிமை கொண்டாடாது.

வட்டுவாகல்

இந்த இழையைப் பார்த்துவிட்டுப் போவோம் என்றுதான் வந்தேன்.

போருக்குப் பிறகு, 2010 இல் நாங்கள் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்தபோது எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்துக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. தறப்பாள் போட்டிருந்தார்கள். நான் அந்தக் காலத்தில் கதைப்பது மிகக் குறைவு. வகுப்பில் இருந்தேனா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. வராத பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள், யார் யாரைத் தேடுவது.

தமிழ்த்தினப் போட்டி வந்தது. நாடகத்துக்கு ரீச்சர் ஒருவர் ஆள் சேர்த்தார். எனக்கு வசனம் தரவில்லை, திரை இழுக்கிற வேலை தந்தார். திரையும் தறப்பாள்தான். அகதிகளுக்கான ஐ.நா நிறுவனமான யு.என்.எச்.சி.ஆரின் எழுத்து உள்பக்கம் வரத் திருப்பிக் கட்டியிருந்தோம். ராஜா விழுந்ததும் ஐந்து எண்ணிவிட்டு இழுக்க வேண்டும். மனதுக்குள் எண்ணினால் பிந்திவிடுகிறேன் என்று ரீச்சர் சத்தமாக எண்ணச் சொன்னார். மூன்று கிழமை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

அதனால் நான் கதைக்கத் தொடங்கிவிட்டேன் என்று எழுத வரவில்லை. அது பிறகு, வேறு காரணங்களால். ஒருநாள் எனக்கு வயிற்றுக்குத்து, ஒத்திகைக்குப் போகவில்லை. பின்னேரம் ராஜாவும் மந்திரியும் சைக்கிளில் எங்கள் கொட்டிலுக்கு வந்தார்கள். "நீ இல்லாமல் ராஜா செத்தபடி கிடக்கிறான், திரை இழுக்க ஆளில்லை" என்றான் மந்திரி. அம்மா சிரித்தார். அந்த வருடத்தில் அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வலய மட்டத்தில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

ஸ்காபரோ மாமி

வட்டுவாகல் தம்பி, வாசித்துவிட்டு எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி போட்டுவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

இங்கே கனடாவில், ஒன்ராறியோவில் உயர்பள்ளிப் பிள்ளைகள் 40 மணித்தியாலம் சமூகத் தொண்டு செய்தால்தான் டிப்ளோமா கிடைக்கும். கேட்க வடிவாக இருக்கும். என் மகன் நாலாம் வருடம் வரை ஒன்றும் செய்யாமல் கடைசி வெயில்காலத்தில் ஓடித்திரிந்து கையெழுத்து வாங்கினான். மகள் அப்படியில்லை, முதியோர் இல்லத்துக்குப் போனவள் 40 முடிந்த பிறகும் போய்க்கொண்டேயிருந்தாள். ஒரே வீடு, ஒரே சட்டம். ஆகவே கட்டாயமாக்கினால் எல்லாம் சரி என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவைக்கிறேன்.

மற்றது பழைய மாணவர் சங்கம். நானும் அதில் இருக்கிறேன், எனக்கும் சேர்த்துத்தான் இந்தப் பேச்சு. ஊர்ப் பள்ளிக்கு என்ன செய்யலாம் என்றால் உடனே நுழைவாயில் வளைவு என்பார்கள். வளைவில் பெயர் போடலாம். போன கூட்டத்தில் நான் "ஆறு வலைப்பந்து, இரண்டு வளையம், பிள்ளைகளுக்குப் பயிற்சி முடிய அவித்த கடலை" என்று பட்டியல் வாசித்தேன். ஒரு ஐயா கேட்டார்: "கடலையில் எங்கே பெயர் பொறிக்கிறது?" பகிடிக்குத்தான் கேட்டார். ஆனால் வளைவுதான் கட்டினார்கள். கல்லடித் தங்கச்சி சொன்ன அந்த உடுப்புக் காசும் இப்படிப்பட்ட சங்கங்கள் கொடுக்க வேண்டியது. உடுப்பைப் பாடசாலை அலுமாரியில் வைத்து ஒவ்வொரு வருடமும் மாற்றி மாற்றிப் போடலாமே.

மல்லிகைப்பந்தல்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சுண்ணாம்பு வாளி ஐயா, உங்களிடம் நேரே கேட்கிறேன். இப்போது நான் என்ன செய்ய? அவள் தூங்கி விழுவது உண்மைதானே.

சுண்ணாம்பு வாளி

தங்கச்சி, பிள்ளை எத்தனை பாடத்துக்கு ரியூசன் போகிறாள்?

மல்லிகைப்பந்தல்

ஏழு. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், வரலாறு, வணிகம், தமிழ், சமயம்.

புளியங்கொட்டை

சைவசமயத்துக்கும் ரியூசனா அக்கா? தேவாரத்துக்கு ஷோர்ட் நோட்ஸ் தருவார்களோ?

சுண்ணாம்பு வாளி

தம்பி சும்மா இரும். எல்லா வீட்டிலும் இதுதான் நிலைமை.

தங்கச்சி, வலைப்பந்தில் பந்து கைக்கு வந்தால் மூன்று செக்கனுக்குள் விட்டுவிட வேண்டும். வைத்துக்கொண்டு நின்றால் பந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும். உங்கள் பிள்ளைக்கு அது பழக்கம். எதை விடுவது என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள். நான் நினைக்கிறேன், தமிழையும் சமயத்தையும் வரலாற்றையும் விடுவாள். அவற்றை வீட்டில் படிக்கலாம். இல்லச் சோடனைக் கூட்டத்துக்கு ஒவ்வொரு நாளும் உபதலைவி போகத் தேவையில்லை. பொறுப்பாசிரியரிடம் கிழமைக்கு இரண்டு நாள் என்று கேளுங்கள், தருவார்கள். போட்டி முடிந்தால் அந்தப் பாரமும் இறங்கிவிடும். ஓ.எல் வருடத்தில் வலயப் போட்டி பரீட்சைக்குக் கிட்ட வந்தால் அதற்கு விடாதீர்கள், நானே விடமாட்டேன்.

ஓமந்தைச் சந்தி

சேர், ஒன்று சொல்ல வேண்டும். நேற்று இந்த இழையை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது கொழும்பில் வேலை, அங்கே ஒரு அறையில் ஐந்து பேர் சேர்ந்து இருக்கிறார்கள். ஐந்து பேரில் நாலு பேர் அவனுடைய பழைய கிறிக்கெற் அணியாம். வேலை எடுத்துக் கொடுத்ததும் அதில் ஒருவன்தானாம். எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது.

இருந்தாலும் அந்த ஃபைல் வயிறெரிச்சல் போகவில்லை. போகுமென்றும் நினைக்கவில்லை.

மல்லிகைப்பந்தல் (ஐந்து கிழமைக்குப் பிறகு)

விளையாட்டுப் போட்டி முடிந்தது. மகளுடைய இல்லம் நாலில் மூன்றாவது. வேறு இல்லம் கடைசியாக வந்ததில் அவளுக்குப் பெரிய சந்தோசம்.

ஐயா சொன்ன மாதிரித்தான் கேட்டேன். தமிழ், சமயம், வரலாறு மூன்றையும் விட்டாள். பந்தை நெல்மூட்டைக்குப் பின்னாலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன், எலி கொஞ்சம் கடித்திருந்தது. கணித சேருக்கு நான் சொன்னது பிடிக்கவில்லை. ஆனால் பிள்ளை இப்போது தூங்குவதில்லை என்று அவரே சொன்னார்.

சோடனைக்கு முதல்நாள் இரவு எட்டரை ஆகியும் வரவில்லை என்று தேடிக்கொண்டு போனேன். மைதானத்தில் ரியூப்லைட் கட்டிப் பாய்மரக் கப்பல் ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். நாலைந்து தகப்பன்மார் மூங்கில் கட்டுகிறார்கள். ஒரு அம்மா பெரிய சட்டியில் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்திருந்தார். எனக்கும் ஒரு தூரிகையைத் தந்தார்கள். பக்கத்தில் நின்று பூசியவர் யாரென்று பிறகுதான் தெரியும். மகள் தரம் 6 இலிருந்து "நிலாவின் அம்மா, நிலாவின் அம்மா" என்று சொல்கிறவர். நாலு வருடமாக வாசலில் கண்டு தலையாட்டியதோடு சரி, பெயர்கூடக் கேட்டதில்லை. வீடு எங்கள் ஒழுங்கைக்குப் பின் ஒழுங்கை. திங்கட்கிழமையிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் ரியூசனுக்கு முறை வைத்துக் கூட்டிப்போகிறோம்.

கல்லடி அக்கா, உங்கள் பதிவைப் பொறுப்பாசிரியையிடம் காட்டினேன். இந்த வருட உடுப்பைக் கழுவி மடித்து அலுமாரியில் வைத்திருக்கிறார்கள். அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்கவேண்டும் என்பதில் இப்போது பிரச்சினை போகிறது.

ஒரு கேள்வி மிச்சம். மகளின் வெள்ளைச் சீருடையில் நீல எமல்ஷன் பெயின்ற் ஒரு கையகலம் பட்டுக் காய்ந்துவிட்டது. எப்படி எடுப்பது?

கல்லடி அலை

சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றைப் பஞ்சில் நனைத்து உள்பக்கத்தால் ஒற்றி ஒற்றி எடுங்கள். பழைய பல் தூரிகையால் மெல்லத் தேய்க்கலாம். சுடுதண்ணீர் மட்டும் விடாதீர்கள்.